அளந்து கொடுத்த தண்ணீர்

என் பேத்தி பிறந்தபோது அவள் எடை இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். பதின்மூன்றாம் நாள் இரண்டு கிலோ எழுநூறு. டாக்டரம்மா தராசைப் பார்த்துவிட்டு, "நாளை மறுநாள் திரும்பக் கொண்டு வாங்க. ஏறலைன்னா சேத்துடலாம். டின் பாலும் ஆரம்பிக்க வேண்டி வரும்" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு எடைகளையும் நாட்குறிப்பில் எழுதினேன். அதற்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை. முப்பத்தொரு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு பக்கம் பாதியில் நின்றது அன்றுதான்.

அண்ணாமலையாரை நம்பி வாழும் அன்பர்கள் இந்தப் பக்கங்களில் தங்களுக்குக் கிடைத்த உதவிகளை எழுதி வருகிறார்கள். நானும் பல வருடங்களாகப் படிக்கிறேன். எழுத வேண்டிய முறை எனக்கு வரும் என்று நினைத்ததில்லை. நடந்ததை நடந்த வரிசையில், குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர் வேலை. மனைவி இறந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் நிவேதா. மருமகன் கார்த்தி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். கார்த்தியின் வீடு கீழ்பென்னாத்தூர். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாய் இல்லாத வீட்டில் யார் பார்ப்பது என்று சம்பந்தியம்மா தயங்கினார். "நாங்களே பாத்துக்கறோம்ண்ணா, நீங்க ஆம்பள, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்குக் கோடை விடுமுறை. என்னால் முடியும் என்று சொன்னேன். நிவேதாவை ஒரு வார்த்தை கேட்டேனா என்று பிறகு யோசித்தேன். கேட்டதாகக் குறிப்பு இல்லை.

சித்திரை அமாவாசைக்கு மறுநாள் காலை குழந்தை பிறந்தது. பெண். சுகப் பிரசவம், நான்கு தையல். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

பத்தியம் பற்றி எனக்குத் தெரியாது. அடி அண்ணாமலையில் இருக்கும் என் மனைவியின் அக்காவிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டேன். அவருக்கு மூட்டுவலி. படி ஏற முடியாது என்பதால் வரவில்லை. பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ லேகியம் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாகத் தண்ணீர்.

"தண்ணி ஜாஸ்தி குடுக்காத தம்பி. வயிறு போட்டுடும், உடம்பு ஊதிடும். நாலு வேளை ஒவ்வொரு டம்ளர். அதுவும் வெந்நீர்தான்."

"எந்த டம்ளர்க்கா?"

"என்னாத்த எந்த டம்ளர்? வீட்ல இருக்கற சின்ன டம்ளர்தான்ப்பா."

சின்ன டம்ளரை விளிம்பு வரை நிரப்பி, பள்ளியிலிருந்து நான் எப்போதோ கொண்டுவந்திருந்த அளவு குடுவையில் ஊற்றிப் பார்த்தேன். நூற்றைம்பது மில்லி. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நேரம் பிரித்தேன். ஒரு புது நோட்டில் கோடு போட்டேன். குழந்தை பால் குடித்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், எத்தனை முறை ஈரம், எத்தனை முறை வெளிக்குப் போனது, தாய்க்கு உணவு, தாய்க்கு மருந்து, தாய்க்குத் தண்ணீர். ஒரு கட்டமும் காலியாக இல்லை. பார்க்க வந்தவர்கள் நோட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இதையும் எழுதுவதுதான் நியாயம்.

அந்த வருடம் வெயில் கடுமை. மலையிலிருந்து வரும் காற்றுகூடச் சுட்டது. ஆறாம் நாளிலிருந்து நிவேதா பேச்சைக் குறைத்தாள். எட்டாம் நாள் தலைவலி என்றாள். மாத்திரை கொடுத்து நேரம் எழுதினேன். ஒன்பதாம் நாள் குழந்தையின் எடை இரண்டு எழுநூற்று நாற்பது. "நல்லா சாப்பிடறாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். கேள்வி நிவேதாவுக்கு. பதில் நான் சொன்னேன். நோட்டைப் பிரித்து மூன்று வேளை உணவையும் படித்தேன். டாக்டரம்மா தலையாட்டினார். தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. படிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பதின்மூன்றாம் நாள் நடந்ததை முதலிலேயே சொன்னேன். அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது நிவேதா குழந்தையை என் மடியில் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எனக்குப் பால் இல்லப்பா. அத்தை வீட்டுக்கே குடுத்துடுங்க இவள. அங்க யாராவது வளக்கட்டும். நான் அம்மாவா இருக்க லாயக்கில்ல."

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. மணி பார்த்தேன். இரண்டு ஆகியிருந்தது. டம்ளரை எடுத்து வந்து வைத்தேன்.

கார்த்தி போன் செய்தார். "மாமா, இப்பவே சேத்துடலாமா? நான் கெளம்பி வரட்டா?" என்று கேட்டார். மறுநாள் சித்ரா பௌர்ணமி. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எங்கள் தெரு கிரிவலப் பாதையில் போய் முட்டும் தெரு. ஆட்டோகூட உள்ளே வராது. ஒரு நாள் கழித்து வாருங்கள் என்றேன்.

பத்தொன்பது வருடமாக நான் எந்தப் பௌர்ணமியிலும் கிரிவலம் விட்டதில்லை. புறப்பட்ட நேரம், முடித்த நேரம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மாதம் போக முடியவில்லை. குழந்தை பிறந்த வீட்டில் முப்பது நாள் தீட்டு என்பது எங்கள் வழக்கம். கோயிலுக்குப் போகவில்லை, வீட்டு விளக்கையும் ஏற்றவில்லை. மனதுக்குள் வேண்டிக்கொள்வதுகூடச் சரியா என்று எனக்குச் சந்தேகம். அதனால் பதின்மூன்று நாளும் வேண்டவில்லை.

பதினான்காம் நாள், பௌர்ணமி, காலை ஆறு பத்துக்கு மொட்டை மாடிக்குப் போனேன். காய்ந்த துணிகளை எடுக்கத்தான் போனேன். மலை எதிரே இருந்தது. பாதையில் அப்போதே கூட்டம். கையில் குழந்தைத் துணிகளோடு நின்றேன். கற்பூரம் இல்லை, குளிக்கவும் இல்லை. என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "எல்லாத்தையும் எழுதிட்டேன். என்னமோ ஒண்ணு விட்டுட்டேன். எதுன்னு தெரியல. காட்டு."

அழவில்லை. ஐந்து நிமிடம் நின்றேன். கீழே வந்து நேரத்தை எழுதினேன். இது பிரார்த்தனைதானா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது.

பகல் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை மதியம் சரியாகக் குடிக்கவில்லை. அழுகையும் மெலிந்துவிட்டது. மாலை நாலு நாற்பதுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கிரிவலம் வருபவர்கள் அப்படித் தட்டுவது வழக்கம். திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறை தட்டியபோது திறந்தேன். நர்ஸ் உடையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். முகம் சிவந்து, வியர்த்து நின்றார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. முனைல மெடிக்கல் கேம்ப்ல டூட்டி. காலைலேர்ந்து பாத்ரூம் போகல. போய்ட்டு வந்துடட்டா?"

வழி காட்டினேன். திரும்பி வந்தவர், "கொஞ்சம் தண்ணி குடுங்க சார்" என்றார். பெரிய சொம்பில் கொடுத்தேன். கூடத்திலேயே நின்று, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் நிவேதா உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சொம்பை இறக்கியபோது அவள் பார்வை சொம்பின் மேல் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நர்ஸ் கவனித்தார்.

"கொழந்த பொறந்து எத்தன நாளும்மா?"

"பதினாலு" என்றேன் நான்.

"அந்தப் பொண்ணக் கேட்டேன் சார்." உள்ளே போனார். "உனக்கு வேணுமாம்மா தண்ணி?"

நிவேதா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஆறு மணிக்குத்தான்" என்றேன்.

இந்த இரண்டு சொற்களை எழுத எனக்கு நேரம் பிடித்தது.

நர்ஸ் என்னை ஒரு தடவை பார்த்தார். நேராகச் சமையலறைக்குப் போய்ச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து நிவேதாவின் கையில் வைத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பாதிக்கு மேல் மார்பில் வழிந்தது. மறுபடி நிரப்பினார். குடித்தாள். மூன்றாவது சொம்பு பாதியில் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்தது அவள் அம்மா இறந்த அன்றுதான்.

நர்ஸ் என் நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எப்பா! பேங்க்ல கூட இவ்ளோ நீட்டா எழுத மாட்டாங்க சார். தண்ணி நூத்தம்பது, நூத்தம்பது, நூத்தம்பது, நூத்தம்பது. ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி. இந்த வெயில்ல. ஊற வெச்ச பருப்பு இதவிட ஜாஸ்தி குடிக்கும். இங்க பாருங்க, கொழந்தைக்கு ஈரம் மூணு. அடுத்த நாள் மூணு. நேத்து ரெண்டு. ஆறு தடவையாவது இருக்கணும் சார். தண்ணியும் ஈரமும் ஒரே பக்கத்துல, ஒரே வரிசைல இருக்குது. எழுதனவரு படிச்சிப் பாத்தீங்களா?"

படிக்கவில்லை என்றேன். உண்மை அதுதான். பதினான்கு நாள் எழுதினேன். ஒரு நாளும் படிக்கவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிவேதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையை எப்படிப் பிடிப்பது, வாயை எப்படிப் பொருத்துவது என்று காட்டினார். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி, பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், யாரையும் கேட்காதே என்றார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கண்டிப்பா போங்க, இத டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீ சொல்லும்மா. அப்பா சொல்ல வேணாம்" என்றார். ஐந்து இருபதுக்குக் கிளம்பினார். வாசலில் திரும்பி, "பாத்ரூமுக்கு வந்தேன், பாடம் எடுத்துட்டேன். கோச்சிக்காதீங்க சார்" என்று சிரித்தார். நான் பெயர் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பெயர் எழுதுகிறவன், அதை மறந்தேன்.

நிவேதாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்க எழுதி வெச்சிருந்தீங்களேப்பா" என்றாள். "அம்மா போனப்புறம் கதவுல ஒரு பேப்பர் ஒட்டுனீங்க. எத்தன மணிக்கு எந்திரிக்கணும், என்ன சாப்பாடு, எப்ப படிக்கணும்னு. அதுல இல்லாதது எதையும் நான் உங்ககிட்ட கேட்டதே இல்ல. ஞாபகம் இருக்குதா? இப்பக்கூட குளிக்கும்போது வாய் கொப்பளிக்கற தண்ணிய முழுங்குவேன். அதுவும் தப்போன்னு பயமா இருக்கும். அதனாலதான் கொழந்த எளைக்குதோன்னு."

பதினோரு வருடத்து நாட்குறிப்புகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. அவற்றில் அவள் மதிப்பெண்கள் இருக்கும், உயரம் இருக்கும், காய்ச்சல் அளவு இருக்கும். அவள் என்ன கேட்டாள் என்பது எங்கும் இருக்காது. காலையில் மலையைப் பார்த்து நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. விட்டுப்போனது தண்ணீர் இல்லை. அது நோட்டில் இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் நிவேதாவே பேசினாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எடை இரண்டு எழுநூற்று நாற்பது. நாற்பது கிராம் ஏறியிருந்தது. சேர்க்க வேண்டாம், டின் பால் வேண்டாம், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். தாய்க்கு உடம்பு வறண்டிருந்ததுதான் காரணங்களில் முக்கியம் என்று டாக்டரம்மா சொன்னதாக நிவேதா சொன்னாள். இருபத்தோராம் நாள் இரண்டு தொள்ளாயிரத்து முப்பது. முப்பதாம் நாள் மூன்று கிலோ இருநூற்று முப்பது. நர்ஸ் வராமல் இருந்திருந்தால் மருத்துவமனையில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, நான் காலையில் கேட்டேன், மாலையில் கதவு தட்டப்பட்டது. நடுவில் பத்து மணி நேரம் முப்பது நிமிடம்.

ஒரு விஷயம் மீதி இருக்கிறது. இருபதாம் நாள் என் மனைவியின் அக்கா, மூட்டுவலியோடு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். போனில் கேள்விப்பட்டதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. வந்தவுடன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கூறுகெட்டவனே! நெசமாவே அளந்தா குடுத்த?"

"நீங்கதானக்கா சொன்னீங்க."

"சொல்லுவோம்டா. எங்கம்மாவும் சொல்லுச்சு. குடுக்காத குடுக்காதன்னு வாய் சொல்லும், கை ஒரு சொம்பக் கட்டிலுக்கடியில வெச்சிட்டுப் போகும். உன் பொண்டாட்டி இந்தப் புள்ளையப் பெத்தப்போ நான்தான் முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். அவ குடிச்சிட்டு, அக்கா இன்னொரு சொம்புன்னா. எல்லா வூட்லயும் அப்படித்தான். உன்னாட்டம் கோடு போட்டு அளப்பான்னு யாரு கண்டா?"

நிவேதா சிரித்துவிட்டாள். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க பெரியம்மா என்றாள். நானும் சிரித்தேன். என் மனைவி தண்ணீர் கேட்டது இருபத்தேழு வருடம் கழித்து எனக்குத் தெரிய வந்தது. அப்போது நான் கூடத்தில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

பெண்கள் அந்த விதியைச் சொல்வார்கள், மீறியும் வைப்பார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் வழக்கம். நான் பாதியை மட்டும் எழுதிக்கொண்டேன்.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை இருக்கிறது. எவ்வளவு பிடிக்கும் என்று நான் அளக்கவில்லை. பௌர்ணமி கழிந்ததும் கார்த்தி பத்து நாள் விடுப்பில் வந்திருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டவும் தூங்க வைக்கவும் கற்றுக்கொண்டார். முதல் நாளே, "நோட்ட நான் எழுதறேன் மாமா. நீங்க போய் அவகூடப் பேசிட்டு இருங்க" என்றார். பேசுவது எனக்குக் கடினமாக இருந்தது. தினமும் காலையில் கட்டிலருகே போய், "என்னம்மா வேணும்?" என்று மட்டும் கேட்டேன். முதல் இரண்டு நாள் "ஒண்ணும் வேணாம்ப்பா" என்றாள். மூன்றாம் நாள் தயிர்சாதம் கேட்டாள். பத்தியத்தில் தயிர் ஆகாது என்று என் தாளில் இருந்தது. கொடுத்தேன். ஐந்தாம் நாள், "கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்கப்பா, ஒண்ணும் எழுதாம" என்றாள். உட்கார்ந்தேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது.

முப்பது நாள் முடிந்து வீடு கழுவி விளக்கேற்றினோம். அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். கேம்ப் பந்தலில் அந்த நர்ஸைத் தேடினேன். வேறு யாரோ இருந்தார்கள். அடையாளம் சொன்னேன், அவர்களுக்குத் தெரியவில்லை. பந்தலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். அன்று புறப்பட்ட நேரத்தையும் முடித்த நேரத்தையும் நான் எழுதவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறை.

அன்பர்களே, எனக்குப் பெரிய வார்த்தைகள் வராது. வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, எல்லாம் சரியாகச் செய்தும் ஏதோ சரியில்லை என்று கலங்கி நிற்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். குளித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், தீட்டு கழிந்துதான் கேட்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் பதின்மூன்று நாள் காத்திருந்தேன். துணி மடித்துக்கொண்டே கேளுங்கள், அவர் கேட்டுக்கொள்வார். உங்களுக்கு வரும் பதில் தாகத்தோடு வந்து உங்கள் வாசலில் நிற்கலாம். இரண்டாம் முறை தட்டும்வரை நிற்க வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டு வாசலில் இப்போது ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு பானையும் சொம்பும் இருக்கும். நிவேதா கேட்டாள், வைத்தேன். கதவும் திறந்திருக்கும்.